பதநீர் சீசனில் காலை ஜெபம்

மே மாதக் கன்வென்ஷன் என்கிற சிறப்பு ஜெபக் கூட்டங்கள் முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, வீடுகள் பழைய ஓட்டத்துக்குத் திரும்பியதும் எங்கள் சபையின் இளம்பெண்கள் சிலர் என்னிடம் வந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். "அக்கா, கூட்டத்துல இருந்தப்ப அப்படியே அனலா இருந்துச்சு. இப்ப பைபிளை எடுத்தாலே கண்ணு சொக்குது. ஜெபம் பண்ண உக்காந்தா மனசு எங்கயோ போகுது. நான் விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டேனா?" யாரும் இதை விளையாட்டாகக் கேட்பதில்லை. சிலர் சொல்லும்போதே அழுதுவிடுகிறார்கள். கோயில் வாசலில் நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. களைப்பு வேறு, ஆவியின் அனல் குறைவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு எத்தனையோ பேர் தங்களைத் தாங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நைட் டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பிவிட்டு முழங்கால் போட்டால், இரண்டாவது வாக்கியத்திலேயே தலை கட்டிலின் மேல் சாய்ந்துவிடும். அந்தக் காலத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த எலியா, அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதனை அனுப்பித் தட்டி எழுப்பினார். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் தரம் எழுப்பி, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லி, மறுபடியும் சாப்பாடுதான் கொடுத்தார். தேவன் அவரோடு பேசின அந்த மெல்லிய சத்தமெல்லாம் அப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

ஆறு மாதக் கைக்குழந்தையோடு ஒரு தங்கச்சி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. நகத்தைப் பார்த்தேன், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். "நீ பின்வாங்கல. உனக்கு ரத்தம் கம்மியா இருக்கு. நாளைக்கே ஹீமோகுளோபின் பார்த்துட்டு வா. உங்க அத்தைகிட்ட பிள்ளையைக் குடுத்துட்டு ரெண்டு மணி நேரம் தூங்கு. எந்திரிச்சு ஒரே ஒரு சங்கீதம் சத்தமா வாசி. பிள்ளைக்குப் பால் குடுக்கும்போது வாசி, அதுவும் கேக்கட்டும்" என்றேன். இரும்புச் சத்து மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் அவள் ஜெபம் திரும்பிவிட்டது என்று சொன்னால் சிலருக்கு அது ஆவிக்குரிய பேச்சாகத் தோன்றாது. எனக்கு அப்படியில்லை. நம்மை மண்ணினால் உருவாக்கினவருக்கு நம்முடைய உருவம் இன்னதென்று தெரியும். பிரசவத்துக்குப் பின் மனம் இருண்டு கிடக்கிற பெண்களையும், தைராய்டு கோளாறினால் எதிலும் பிடிப்பில்லாமல் போனவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "இன்னும் ஊக்கமா ஜெபி" என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை. டாக்டரிடம் அனுப்புங்கள், கூடவே ஜெபியுங்கள்.

அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், மெய்யான குளிர் என்று ஒன்று உண்டு. கோயிலுக்கு வராமல் நிற்பவர்களை மட்டும் அது பிடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்களுக்கு வேலைக்குக் குறைவே கிடையாது. அசனம் என்கிற சபை விருந்துக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து காய் வெட்டுவது, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பொருள் சேகரிப்பது, பாடகர் குழுவுக்குச் சேலை எடுப்பது, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் சந்தா வசூலிப்பது, கிறிஸ்துமஸ் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ். அத்தனையும் நல்ல வேலைதான். எபேசு சபையைப் பற்றி வெளிப்படுத்தின விசேஷத்தில் வாசித்துப் பாருங்கள். கிரியை, பிரயாசம், பொறுமை, பொல்லாதவர்களைச் சகிக்க முடியாத வைராக்கியம், இளைப்படையாத உழைப்பு எல்லாவற்றையும் ஆண்டவர் முதலில் பாராட்டுகிறார். அதற்கப்புறம்தான், "ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்கிறார். ஒரு வேலையையும் விடாமல் அன்பை மட்டும் விட்டுவிட முடியும் என்பது அந்தச் சபையைப் பார்த்தால் தெரிகிறது. எனக்கு அந்தப் பகுதி எப்போதுமே பயம் தருகிறது.

உங்கள் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், எவ்வளவு நேரம் ஜெபித்தீர்கள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். உங்கள் சொந்தக் குடும்பத்தில் இல்லாத ஒருவருடைய பேரைச் சொல்லி, அவருக்காக மனம் உருகிக் கடைசியாக எப்போது ஜெபித்தீர்கள் என்று பாருங்கள். நான் என்னை அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா உபதேசியார். சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சபை. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் பொறுப்பான ஐயர், அதாவது குருவானவர், மாதத்துக்கு ஒரு தடவை வந்து, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தை நடத்திவிட்டுப் போவார். மற்றபடி மணி அடிப்பது, காலை ஜெபம், மாலை ஜெபம், ஞாயிறு பள்ளி, நோயாளிகளைப் பார்ப்பது, இறந்தவர்களை அடக்கம் செய்ய ஏற்பாடு, சண்டை தீர்ப்பது எல்லாம் அப்பாதான். கோயிலை ஒட்டின ஓட்டு வீடு எங்களுக்கு. காலை நாலரைக்கு முதல் மணி அடிக்கும். ஊரில் முக்கால்வாசிப் பேர் பனை ஏறுகிறவர்கள். அதனால்தான் அந்த நேரம்.

பங்குனி, சித்திரையில் பதநீர் சீசன் சூடுபிடித்துவிட்டால் காலை ஜெபத்துக்கு ஓர் ஆள் வராது. ஆண்கள் மரத்து மேலே இருப்பார்கள். பெண்கள் பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். பதநீரை நேரத்தில் காய்ச்சாவிட்டால் புளித்துவிடும், அன்றைய கருப்பட்டி போச்சு. யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆனாலும் அப்பா மணி அடிப்பார். அரிக்கேன் விளக்கை வாசிப்பு மேசையில் வைத்துவிட்டு, ஜெபப் புத்தகத்தில் உள்ள முறைமை முழுவதையும் ஒரு வரி விடாமல் நடத்துவார். சின்னப் பிள்ளையான நான் ஒரு நாள் பாதித் தூக்கத்தில் கோயில் வாசலில் போய் நின்றேன். உள்ளே அப்பா மட்டும். "கர்த்தர் உங்களோடிருப்பாராக" என்று காலியான பாய்களைப் பார்த்துச் சொன்னார். சபையார் சொல்ல வேண்டியதற்கு இடைவெளி விட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "உமது ஆவியோடும் இருப்பாராக" என்று அதையும் அவரே சொன்னார். அப்புறம் அடுத்த ஜெபத்துக்குப் போனார். குரலில் சலிப்பு இல்லை. கோயில் நிறைய ஆள் இருக்கிற கிறிஸ்துமஸ் காலையில் எப்படிச் சொல்வாரோ அப்படியேதான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து அந்த மறுமொழியைச் சொல்ல நான் போய் உட்கார ஆரம்பித்தேன்.

கோயிலில் ஜெபம் முடிந்தால் அப்பாவின் காலை முடிந்துவிடாது. ஆள் வரவில்லை என்றால் ஆள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. சைக்கிள் மணலில் ஓடாது என்பதால் நடந்தே விடிலி விடிலியாகப் போவார். ஓலைக் கூரைக்குள் ஒரே புகை. பெரிய தாச்சியில் பதநீர் நுரைத்துக் கொதிக்கும். அகப்பையால் கிண்டுகிற அந்த வீட்டு அம்மாவின் கை நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பிடித்துவிடும். "நீ கிண்டிக்கிட்டே இரு தாயி, நான் ஜெபம் பண்ணுறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிப்பார். பாகு சிரட்டையில் ஊற்றுகிற பதத்துக்கு வந்திருந்தால் ஜெபம் இரண்டே வரிதான். புகையில் கண் எரியும், எனக்கு அழுகை வரும். அப்பாவுக்கும் கண்ணில் தண்ணீர் வடியும், அது புகையினாலா வேறெதனாலா என்று எனக்கு அப்போது தெரியாது.

பிற்காலத்தில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், பனை ஏறுவதை விட்டு வயசாகி உட்கார்ந்திருந்தவர், என்னிடம் சொன்னார்: "உபதேசியாரு மணி அடிச்சா நாங்க கீழ வரமாட்டோம் தாயி. ஆனா மரத்து மேலேயே நின்னு பரமண்டல ஜெபத்தைச் சொல்லிருவோம். அந்த மணி ஒரு நாள் அடிக்கலைன்னா அன்னைக்கு மரம் ஏறப் பயமா இருக்கும்." காலியான கோயிலில் தனியாக நின்ற அப்பாவுக்கு, தேரிக்காடு முழுக்க மரத்து மேலே சபை நின்றுகொண்டிருந்தது தெரிந்திருக்குமா? தெரிந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாமலேயே நடத்தியிருந்தால் அது இன்னும் பெரிது.

அப்பாவை யாரும் அக்கினிப் பிரசங்கியார் என்று சொன்னது கிடையாது. மெதுவாகப் பேசுவார், பிரசங்கத்தில் சிலர் தூங்குவார்கள். கன்வென்ஷன் மேடை எதிலும் ஏறினவர் இல்லை. அவர் இறந்த பிறகு பெட்டியில் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. சபையார் பெயர்கள், வீடு வீடாக. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்து: "குடி", "பிரசவம் ஐப்பசி", "தம்பியோடு பேசுவதில்லை", "காச நோய்", "மகன் பம்பாய், கடிதம் இல்லை". பிறகு வேறொரு நாளில், வேறு மையில், சிலவற்றின் மேல் ஒரு கோடும் "ஸ்தோத்திரம்" என்ற சொல்லும். கோடு விழாத பெயர்களும் நிறைய உண்டு. "தம்பியோடு பேசுவதில்லை" என்பதற்கு எதிரே மட்டும் மூன்று வேறு மையில் புள்ளி வைத்திருந்தார். அந்த நோட்டைத்தான் அவர் தினமும் ஜெபத்தில் திறந்து வைத்திருந்தார் என்று அம்மா சொன்னார்கள். ஆவியிலே அனலாயிருங்கள் என்று ரோமர் நிருபத்தில் வாசிக்கும்போது எனக்கு அந்தச் சிவப்புப் பென்சில்தான் நினைவுக்கு வருகிறது.

இன்று அனல் என்றால் நாம் சத்தத்தை நினைக்கிறோம், கண்ணீரை நினைக்கிறோம். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கன்வென்ஷனில் அழுதவர்களின் கண்ணீர் பொய்யில்லை, அந்தச் சந்திப்பும் பொய்யில்லை. ஜனங்கள் திரளாக மனந்திரும்பி அனல்கொள்கிற எழுப்புதல் நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் வந்தது. ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் பேரோடு சேர்த்துத்தான் அதைச் சொல்வார்கள். உக்கிரன்கோட்டையில் பிறந்தவர், மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். எந்த மிஷனிலும் சம்பளம் வாங்காமல், 1840 வாக்கில் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கிக் குடியேறினார். எழுப்புதலைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1860ஐப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தின அந்த இருபது வருஷத்தின் மேல்தான் கண். ஊர் ஊராக நடந்து, பிரசங்கித்து, கைம்பெண்களையும் பிள்ளைகளையும் பராமரித்த வருஷங்கள். அதில் எத்தனை காலை அவருக்கு எந்த உணர்ச்சியும் இல்லாமல் விடிந்திருக்கும்!

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில் பலிபீடத்து அக்கினி அவிந்துபோகலாகாது என்று இருக்கிறது. கட்டை போடுவதைப் பற்றி எல்லோரும் பிரசங்கிக்கிறோம். அதற்கு முந்தின வசனங்களில் ஆசாரியன் சாம்பலை அள்ளுகிறான். அதற்கென்று சணல்நூல் அங்கி தரித்து, அள்ளின சாம்பலைப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்டி, அப்புறம் உடை மாற்றிக்கொண்டு பாளயத்துக்குப் புறம்பே கொண்டுபோகிறான். நேற்று எரிந்தது மெய்யான பலிதான், அதனால்தான் சாம்பலையும் சுத்தமான இடத்தில் கொட்டச் சொன்னார். ஆனால் அதை அங்கேயே குவித்து வைத்தால் இன்றைய கட்டை பற்றாது. 'நான் 1987இல் ரட்சிக்கப்பட்டேன், அன்றைக்கு இப்படி அழுதேன், இப்படித் தரிசனம் கண்டேன்' என்பதையே வருஷக்கணக்காகச் சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாட்சி மெய்தான். அதோடு கூட, இந்த வாரம் ஆண்டவர் உங்களிடம் என்ன பேசினார் என்று கேட்டால் பதில் வர வேண்டாமா? பழைய உணர்ச்சி திரும்பி வரவேண்டும் என்று ஏங்குகிற பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறேன். போன மே மாதத்தில் பட்ட உணர்ச்சியை ஆண்டவர் மறுபடியும் அதே மாதிரி தர வேண்டும் என்று காத்திருக்காதே. அவர் இன்று தருவது வேறு மாதிரி இருக்கும்.

சரி, அந்த இன்றைய கட்டை எங்கிருந்து வரும்? சொந்த நெஞ்சையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது என்பது என் திடமான எண்ணம். இதற்கு எங்கள் பக்கத்துச் சரித்திரத்திலேயே ஒருவர் இருக்கிறார். வெள்ளாளன்விளை எங்கள் ஊரிலிருந்து வெகு தூரமில்லை. அங்கே 1874இல் ஒரு கிராமத்து ஐயருடைய மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியே ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். அப்போது திருநெல்வேலிச் சபைக்குப் பெரிய கோயில்கள் இருந்தன, பள்ளிக்கூடங்கள் இருந்தன, தலைமுறை தலைமுறையாக வந்த விசுவாசக் குடும்பங்கள் இருந்தன. ஆனால் சுவிசேஷம் வெளியிலிருந்து நமக்கு வருகிற ஒன்று என்றே இருந்துவிட்டார்கள், நாம் அதை வேறொருவருக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் என்ற நினைப்பு மங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பார்த்தது அவர் மனதைக் குத்தியது. திரும்பி வந்து, 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது அதற்கு முன்னே நின்றவர் அவர். 1909இல் அவரே தெலுங்கு நாட்டு தோர்ணக்கலுக்கு மிஷனரியாகப் போனார். 1912இல் அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

தோர்ணக்கலில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஊர்ச் சபைகளுக்குப் போகும்போது, ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையிலேயே கையை வைக்கச் சொல்வார். அவர்களில் பெரும்பாலானவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள். 'நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்று சொல்ல வைப்பார். பவுல் கொரிந்தியருக்கு எழுதின அந்த வார்த்தையை ஐயர்களுக்கும் பேராயர்களுக்கும் மட்டும் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஜனங்கள் தாங்கள் கேட்டதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார்கள், ஆயிரமாயிரமாய்ச் சபை பெருகிற்று. தங்கள் அனலைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து அவர்கள் போகவில்லை. வேறொருவனுக்கு இது தெரிய வேண்டுமே என்று போனார்கள்.

அம்மாவும் அப்படித்தான். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து, சுவரோரம் இருந்த மண் கலயத்தில் போடுவார்கள். அது மிஷனரி காணிக்கைக்கு. அப்பாவின் சம்பளத்தில் மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் கஞ்சிதான். கஞ்சிக்கு எடுக்கிற அரிசியிலும் அந்தப் பிடி குறையாது. போடும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார்கள். என்ன என்று ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டேன், தோர்ணக்கலில் இருக்கிற யாரோ முகம் தெரியாத பிள்ளைகளுக்காக ஜெபம். அந்தப் பிள்ளைகளை அம்மா ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அம்மா இறந்த பிறகு எனக்கு வறட்சி வந்தது. கோயிலுக்குப் போவேன், பாடுவேன், திருவிருந்து எடுப்பேன், உள்ளே ஒன்றும் அசையாது. வானம் செம்புத் தகடு மாதிரி ஆகிவிட்டது. நீண்ட காலம் அப்படியே இருந்தது. அந்த நாட்களில் என்னைத் தாங்கினவை என்னவென்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெபப் புத்தகத்தில் சங்கீதங்கள் மாதத்தின் முப்பது நாளுக்கும் காலை, மாலை என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அன்றைய தேதிக்குள்ளதை எடுத்து வாசித்துவிடுவேன். எனக்குச் சொந்தமாக ஜெபிக்க வார்த்தை இல்லாதபோது தாவீதின் வார்த்தையைக் கடன் வாங்கிக்கொண்டேன். சங்கீதங்களில் எவ்வளவோ புலம்பல்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை காலம் கர்த்தாவே என்று கேட்பதையும் ஆவியானவர் வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார். மனசு வராதபோது கீர்த்தனையை வாய்விட்டுப் பாடினேன், சமையல் செய்துகொண்டே. மனசுக்குள் ஜெபித்தால் மனம் ஓடிவிடும், வாய்விட்டுப் பாடினால் கொஞ்சம் நிற்கும். காலையில் வேத வாசிப்பு முடிகிறவரை போனைத் தொடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டேன். வாக்குத்தத்தப் படங்களும் காலை வணக்கச் செய்திகளும் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். அவற்றில் வசனம் இருக்கிறது, ஆனாலும் அது வேத வாசிப்பு ஆகாது. ஒரு அதிகாரத்தை முழுசாக, முன்னும் பின்னும் சேர்த்து வாசிக்கிறபோது கிடைப்பது வேறு.

தோனாவூருக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். ஒருமுறைகூடச் சொந்த நாடு திரும்பாமல் 1951இல் தோனாவூரிலேயே இறந்தார். 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையறையில்தான். நர்ஸாக நான் அந்த இருபது வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். தீராத வலி, சரியாகத் தூங்காத இரவுகள். அந்த அறையிலிருந்து புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். வலியில் கிடக்கிற ஒருத்தர் இன்னொருத்தருடைய வலிக்கு எழுதின எழுத்து அது. தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பெரிய உணர்ச்சி ஒன்றும் வரவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது, நடக்க முடியாதவர்கள் எங்கள் சபையில் யார் யார் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினேன்.

அப்படித் தொடங்கியதுதான் சனிக்கிழமைச் சந்திப்பு. நானும் இன்னும் இரண்டு பேரும், சாயந்திரம் நாலு மணிக்குமேல், படுக்கையில் இருக்கிறவர்களின் வீடுகளுக்குப் போகிறோம். முதலில் போன வீட்டில் ஒரு பெரியம்மா. பக்கவாதம் வந்து, நினைவும் தப்பிப்போனவர்கள். மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்பார்கள். மகள் பாவம், வேலைக்கும் போய்விட்டு வந்து, அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் அன்பும் திரும்பக் கிடைக்காமல் நொந்துபோயிருந்தாள். முதல் நாள் நாங்கள் போய்ப் பாடினோம், பெரியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் சரணத்தில் நான் ஒரு வார்த்தையை மாற்றிப் பாடிவிட்டேன். படுக்கையிலிருந்து தெளிவாகச் சரியான வார்த்தை வந்தது. நாங்கள் மூன்று பேரும் நிறுத்திவிட்டோம். பெரியம்மா நிறுத்தவில்லை. மீதிச் சரணம் முழுவதையும், அதற்கடுத்த சரணத்தையும், கோணின வாயோடு பாடி முடித்தார்கள். சமையலறையிலிருந்து ஓடி வந்த மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவின் குரலை அந்த ராகத்தில் கேட்டு எவ்வளவு காலமாகியிருக்கும்!

அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கு உள்ளே ஏதோ அசைந்தது. நான் என் வறட்சியைத் தீர்த்துக்கொள்ளப் போகவில்லை. அந்த மகளை நினைத்துத்தான் போனேன். ஜெபம் பண்ணும்போது, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை தானாக வந்தது. அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வறண்ட காலைகள் இன்னும் வருகின்றன. ஆனால் நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பெயர்கள் இருக்கின்றன. எனக்கு ஒன்றும் தோன்றாத காலையிலும் அந்தப் பெயர்களுக்காகக் கேட்க வேண்டியது இருக்கிறது. கேட்கக் கேட்க, யாரிடம் கேட்கிறேன் என்பது நினைவுக்கு வருகிறது. அவர் பேரில் உள்ள அன்பு அங்கேதான் எனக்குத் திரும்பத் திரும்பப் பற்றிக்கொள்கிறது.

என்னிடம் கேட்கிற பிள்ளைகளை இப்போதெல்லாம் சனிக்கிழமை கூட வரச் சொல்கிறேன். அந்த இரும்புச் சத்து மாத்திரைத் தங்கச்சி குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிறாள். படுக்கையில் கிடக்கிற ஒரு தாத்தாவுக்கு அந்தக் குழந்தை வந்தால்தான் ஜெபம் ஆரம்பிக்க வேண்டும். இந்த மாதம் இன்னும் இரண்டு வீடுகள் சேர்ந்திருக்கின்றன, இரண்டும் மாடி வீடு. எனக்கு முழங்கால் வலி இருப்பதால் மாடி ஏறுகிற இளைய பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் வரலாம். பாட்டுப் புத்தகம் பெரிய எழுத்தில் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.